டெசிமீட்டர் நாற்காலி

தொண்ணூறு சென்டிமீட்டர் எத்தனை மீட்டர் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும். தெரிந்ததோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். தெரிந்ததைக் கொண்டுபோய்ப் படிவத்தில் எழுதிவிட்டார்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. நீள மாற்று அலுவலகத்தின் தரைத்தளத்தில், முதல் கவுண்ட்டரில் இருந்த எழுத்தர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். பக்கத்துக் கவுண்ட்டர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் பார்த்துவிட்டுத் துக்கம் கேட்க வந்தவர்போல் தலையை ஆட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

"இது யாரு எழுதினது?"

"நான்தாங்க."

"கதவு அகலம், மீட்டரில்னு போட்டிருக்கு. நேரா சைபர் புள்ளி ஒன்பதுன்னு எழுதியிருக்கீங்க. யாரு மாத்திக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்லைங்க. கதவு தொண்ணூறு சென்டி வேணும். நூறு சென்டி ஒரு மீட்டர். அதனால நானே..."

"நீங்களேவா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரரின் எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போயிற்று.

"முப்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்," என்றார் எழுத்தர். "என் கையால ஒரு புள்ளியை நகர்த்தினது கிடையாது. நீங்க வெளியில இருந்துக்கிட்டே நகர்த்தியிருக்கீங்க. அதுவும் ரெண்டு இடம்!"

"தப்புன்னா மன்னிச்சுக்கோங்க. அவசரம். ஒரு சாண் கூடுதலாக்கூட கேக்கலைங்க, சக்கர நாற்காலி நுழையிற அளவுக்குத்தான்..."

"சாண், முழம் எல்லாம் இங்க பேசக் கூடாது. அது தொல்லியல் துறை. நீங்க முதல்ல ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுங்க. அறியாமையால் புள்ளியை நகர்த்திவிட்டேன், ஒரு மீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர் என்பது எனக்குத் தெரியாது, அப்படின்னு."

"தெரியுமேங்க."

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். மனிதர் நல்லவர்தான் போலிருக்கிறது. "தெரிஞ்சு செஞ்சா வழக்கு. தெரியாம செஞ்சா மன்னிப்பு. உங்களுக்கு எது வசதி?"

கண்ணாடிக்காரர் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இருபத்தெட்டு வருடமாகக் கண்ணாடி வெட்டுகிற மனிதர் அவர். ஊரில் பாதி ஜன்னல்களில் அவர் வெட்டிய கண்ணாடிதான் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கூடினால் சட்டத்துக்குள் இறங்காது. இரண்டு குறைந்தால் காற்றுக்குக் கடகடவென்று ஆடும். அப்படிப்பட்டவரைத்தான் மீட்டர் தெரியாது என்று எழுதவைத்தார்கள். அவர் மனைவி திரைச்சீலை தைப்பவள். ஒரே ஜன்னலுக்கு இவர் கண்ணாடி மாட்டப் போக, அவள் திரை மாட்ட வர, அந்த இடத்தில்தான் இரண்டு பேருக்கும் பழக்கம். இவர் மில்லிமீட்டரில் அளப்பார், அவள் சென்டிமீட்டரில் அளப்பாள். "உங்க மில்லியை எல்லாம் என் மடிப்புக்குள்ள போட்டுத் தைச்சுடுவேன்" என்பாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடமாக அவர்கள் வீட்டில் நடந்த சண்டை அது ஒன்றுதான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் திரை மாட்டும்போது அவள் ஏணியிலிருந்து விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். வரும் வெள்ளிக்கிழமை அவளை அனுப்புகிறார்கள். அவளுடைய சக்கர நாற்காலியின் அகலம் அறுபத்தாறு சென்டிமீட்டர். வீட்டுக் குளியலறைக் கதவின் அகலம் அறுபது. குறுக்கே நிற்பது வெறும் ஆறு சென்டிமீட்டர். அந்த ஆறு இல்லாவிட்டால் தன் வீட்டிலேயே அவளால் மானத்தோடு இருக்க முடியாது.

மருத்துவமனை விதி சுருக்கமானது. வெள்ளிக்கிழமை காலை ஓர் ஊழியர் காலி நாற்காலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். குளியலறைக்குள் தள்ளிப் பார்ப்பார். போனால் மனைவி வீட்டுக்கு வருவாள். போகாவிட்டால், ஊருக்கு வெளியே இருக்கும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கு நேராக அனுப்பிவிடுவார்கள். அங்கே போய்த் திரும்பி வந்தவர்கள் என்று யாரையும் கண்ணாடிக்காரர் பார்த்ததில்லை.

சுவரை இடித்துக் கதவை அகலமாக்குவது மச்சானுக்கு ஒரு காலை நேரத்து வேலைதான். மனைவியின் தம்பி, கொத்தனார். ஆனால் வீடு குடியிருப்பு வாரியத்துடையது. அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லை உருவினாலும் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அனுமதி வேண்டுமென்றால் கதவின் அகலத்தை மீட்டரில், நீள மாற்று அலுவலகத்தின் முத்திரையோடு கொண்டுவரச் சொன்னார்கள். அப்படித்தான் கண்ணாடிக்காரர் இந்த வலையில் வந்து விழுந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் கோப்பு முதல் மாடி ஏறியது. கட்டடத்தின் அமைப்பே ஒரு பாடம். தரைத்தளம் மில்லிமீட்டர், முதல் மாடி சென்டிமீட்டர், இரண்டாவது டெசிமீட்டர், மூன்றாவது மீட்டர். அதற்கு மேலே டெக்காமீட்டர், ஹெக்டோமீட்டர், கிலோமீட்டர். ஒரு மாடி ஏறினால் பத்தால் வகுக்க வேண்டும், ஒரு மாடி இறங்கினால் பத்தால் பெருக்க வேண்டும். எந்தக் கோப்பும் ஒரு மாடியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. மாடிப்படியின் சுவரெங்கும் "புள்ளி நகர்ந்தால் உலகம் நகரும்" என்று எழுதி வைத்திருந்தார்கள்.

சென்டிமீட்டர் பிரிவில் இருந்த அம்மாள் அன்பானவர். தண்ணீர் கொடுத்தார். கோப்பைப் படித்துவிட்டு உச்சுக் கொட்டினார். பிறகு மாலை நான்கு மணி வரை உட்காரவைத்து, ஒரு சான்றிதழைக் கொடுத்தார். தொண்ணூறு சென்டிமீட்டர் என்பது தொண்ணூறு சென்டிமீட்டரே என்று அதில் இருந்தது. கீழே மூன்று முத்திரை.

"இது எதுக்குங்க?"

"இது இல்லாம மேல மாடியில எடுத்துக்க மாட்டாங்க. நாளைக்கு அங்க போங்க." கொஞ்சம் தயங்கினார். "போங்க, போய்ப் பாருங்க," என்றார். இரண்டாவது முறை சொன்னபோது குரலில் வேறு ஏதோ இருந்தது.

புதன்கிழமை கண்ணாடிக்காரர் லிஃப்டில் ஏறி இரண்டை அழுத்தினார். லிஃப்ட் மூன்றில் போய் நின்றது. மறுபடி அழுத்தினால் ஒன்றில் நின்றது. நாலைந்து முறை மேலும் கீழும் போய்வந்த பிறகு, படியேறிப் போனார். இரண்டாம் மாடியில் கம்பிக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு கடைநிலை ஊழியர் ஸ்டூலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, நாற்காலியின் முதுகில் வெளுத்துப்போன ஒரு குடை. சுற்றிலும் தரையிலிருந்து கூரை வரை கோப்புகள்.

"அதிகாரி எங்கேங்க?"

"ஓய்வு பெற்றுட்டாருங்க."

"எப்போ?"

"பதினோரு வருஷம் ஆச்சு. குடையை எடுக்க வரேன்னார். வரலை."

"அவருக்கு அடுத்து?"

"டெசிமீட்டரை யாருங்க உபயோகிக்கிறாங்க? யாரும் உபயோகிக்காத அளவுக்கு எதுக்கு ஆளுன்னு அந்த இடத்தை நிரப்பலை. ஆனா சென்டியில இருந்து மீட்டருக்குப் போகணும்னா டெசி வழியாத்தானே போகணும். அதனால பிரிவை மூடவும் முடியலை."

"அப்ப இந்த ஃபைல்லாம்?"

ஊழியர் நகவெட்டியை மூடினார். "உள்ள போறதைப் பார்த்திருக்கேன் சார். வெளிய வர்றதைப் பார்த்ததில்லை."

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்பார்கள். கண்ணாடிக்காரருக்கு ஏறவே படி இல்லை. கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் மேலே ஓடினார். மூன்றாம் மாடியில், டெசிமீட்டரில் எழுதி வந்தால் உடனே மாற்றிக் கொடுக்கிறோம், ஒரு நிமிட வேலை என்றார்கள். ஐந்தாம் மாடியில், ஹெக்டோமீட்டர் பிரிவில், ஓர் அதிகாரி, ஒரு துணை அதிகாரி, இரண்டு உதவியாளர்கள், எல்லாரும் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்கள். பத்தொன்பது வருடத்தில் கோப்போடு படியேறி வந்த முதல் ஆள் அவர்தானாம். சுவர் முழுக்க நற்சான்றுப் பத்திரங்கள்: நிலுவை இல்லாத பிரிவு, நிலுவை இல்லாத பிரிவு, நிலுவை இல்லாத பிரிவு. அது கதவுதான், நெடுஞ்சாலை இல்லை என்று தெரிந்ததும் துணை அதிகாரிக்குக் கண் கலங்கிப்போயிற்று.

"கதவை ஒரு நூறு மீட்டருக்குக் கொஞ்சம் அகலமா வைக்க முடியாதா சார்?" என்று கேட்டார். "அப்ப நாங்க ஏதாவது செய்யலாம்."

கடைசியில் இயக்குநர் அறை. அங்கே கண்ணாடிக்காரர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஏணி, முதுகெலும்பு, அறுபத்தாறு, அறுபது, வெள்ளிக்கிழமை. "ஐயா, பத்தால ரெண்டு தடவை வகுக்கணும். அவ்வளவுதானே? என் பெண்டாட்டி வாழ்க்கை ஐயா," என்று கையைக் கூப்பிவிட்டார்.

இயக்குநர் மிகவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவரிடம் யாரும் குறை சொல்ல முடியாது.

"உட்காருங்க. பத்தால வகுக்கிறது கஷ்டம்னு நான் சொல்லவே மாட்டேன். ரொம்பச் சுலபம். அதுதான் ஆபத்தே. கஷ்டமா இருந்தா ஜனங்க தானா நம்மகிட்ட வந்துடுவாங்க, காவலே தேவையில்லை. சுலபமா இருக்கிறதாலதான் இவ்வளவு பெரிய கட்டடம் தேவைப்படுது. இந்தக் கட்டடத்துல முந்நூத்தி நாப்பது குடும்பம் அந்தப் புள்ளியை நம்பித்தான் சாப்பிடுது. எங்க அப்பா இங்க கிலோமீட்டர்ல இருந்தார். எம்பொண்ணு அடுத்த வருஷம் டெக்காமீட்டர்ல சேரப்போறா. நாளைக்கு ஆளாளுக்கு வீட்டுல உட்கார்ந்து புள்ளியை நகர்த்திக்கிட்டா, அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்றது?"

கண்ணாடிக்காரருக்கு அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"ஆனா நாங்க இரக்கம் இல்லாதவங்க இல்லை," என்றார் இயக்குநர். "விதியில ஒரு வழி இருக்கு. டெசிமீட்டர் அதிகாரியைப் பொதுமக்கள்ல இருந்து தற்காலிகமா நியமிக்கலாம், தேர்வுல பாஸ் பண்ணினா. நாளைக்குக் காலையில வாங்க."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தேர்வு. மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். கேள்வி ஒன்றுதான்: தொண்ணூறு சென்டிமீட்டர் எத்தனை டெசிமீட்டர்?

"ஒன்பது," என்றார் கண்ணாடிக்காரர்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தோல்வி. யோசிக்காமல் பதில் சொல்லுகிறவர் பொறுப்பான பதவிக்கு லாயக்கில்லையாம். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். இந்த முறை கண்ணாடிக்காரர் கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். கால் மணி நேரம் ஆன பிறகு, "ஃபைலைப் பார்த்துட்டுதான் சொல்லணும்," என்றார். முழு மதிப்பெண் கிடைத்தது. பதினோரு வருடத்தில் இவ்வளவு நல்ல பதிலைக் கேட்டதில்லை என்று ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பதினோரு மணிக்கு அவர் டெசிமீட்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் வேலையாகத் தன் கோப்பை எடுத்தார். கடைநிலை ஊழியர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ சார், வேண்டாம்! தன் ஃபைலைத் தானே தொட்டா வேலையும் போகும், ஃபைலும் ரத்தாகும். பதினாலாவது விதி."

"பின்ன என் ஃபைலை யாரு பார்ப்பாங்க?"

"உங்களுக்கு அடுத்து இந்த நாற்காலியில உட்கார்றவர்."

கண்ணாடிக்காரர் கோப்பை மேசையில் திரும்ப வைத்தார். நான்கு நாள் ஓடி, பொய்க் கடிதம் எழுதி, தேர்வில் தேறி, வந்து சேர்ந்த இடம் இது. ஆத்திரம் தலைக்கேறியது. அந்த ஆத்திரத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல், எதிரில் இருந்த கோப்புகளில் காட்டினார். ஒன்றை எடுப்பார், புள்ளியை ஓர் இடம் நகர்த்துவார், முத்திரை குத்துவார், அடுத்தது. ஒரு தொட்டிலின் அகலம் இருந்தது. அந்தக் குழந்தை இப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும். ஒரு பாலத்தின் கைப்பிடி இருந்தது. ஒன்றின் மேல் சிவப்பு மையில் "மிக அவசரம்" என்று எழுதியிருந்தது. திறந்து பார்த்தால் சவப்பெட்டி. எட்டு வருடம் ஆகிறது.

"இவரை என்ன பண்ணியிருப்பாங்க?" என்று கேட்டார்.

"அளக்காமலேயே அடக்கம் பண்ணியிருப்பாங்க சார்."

கண்ணாடிக்காரர் அந்தக் கோப்பிலும் புள்ளியை நகர்த்தி, செத்துப்போனவருக்கு ஐந்து புள்ளி ஐந்து டெசிமீட்டர் கொடுத்தார். சாப்பிடப் போகவில்லை. மாலை ஐந்து மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகளும் மூன்றாம் மாடிக்குப் போய்விட்டன. அறையில் மிச்சம் இருந்தது அவருடைய கோப்பு ஒன்றுதான்.

ஐந்தேகாலுக்கு இயக்குநர் மூச்சு வாங்க இறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"என்னய்யா பண்ணியிருக்கீங்க? பதினோரு வருஷ வேலையை ஆறு மணி நேரத்துல முடிச்சிருக்கீங்க!"

"ஆமாங்க."

"அப்ப அந்தப் பதினோரு வருஷமும் என்னன்னு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

தற்காலிகப் பணியிடை நீக்கம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார். காரணம், வேகம். நாற்காலி மறுபடி காலியாயிற்று. கோப்பு மேசையிலேயே கிடந்தது.

அவர் வீட்டுக்கு நடந்து போகும் வழியில் மனைவி போன் செய்தாள். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்குச் செய்வாள்.

"எதிர்க் கட்டில் அக்காவை இன்னைக்கு அந்த இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க," என்றாள். "போறப்ப ஒரு வார்த்தை பேசலை. சீப்பை மட்டும் எங்கிட்ட கொடுத்துட்டுப் போச்சு." அவர் நடையை நிறுத்திவிட்டார். "ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. கதவு என்ன ஆச்சு? நான் வரவா, வேண்டாமா?"

தெருவில் அவரைச் சுற்றி ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் நடுவில் நின்று அழுதார். அழுதது அவளுக்குத் தெரியக் கூடாது என்று போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"நீ வா," என்றார். "கதவு வந்துடும்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மச்சான் கடப்பாரையோடு வந்து நின்றான்.

"அனுமதி வந்துடுச்சா மாமா?"

"இல்லை."

"வீடு போயிடுமே?"

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் போனா என்ன, முழம் போனா என்ன. இடி."

"எவ்வளவு வைக்கட்டும்?"

"தொண்ணூறு சென்டி."

"மீட்டர்ல எவ்வளவு மாமா?" என்றான் அவன். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு வாயைத் திறக்காமல் சுவரில் கடப்பாரையை வைத்தான்.

பத்தரை மணிக்கு மருத்துவமனை ஊழியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தரையெங்கும் சிமெண்ட் தூசி. அவர் எதையும் கேட்கவில்லை. நாற்காலியை உள்ளே தள்ளினார், வெளியே இழுத்தார், இன்னொரு முறை தள்ளினார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து "போகிறது" என்று ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு காரியம் அவ்வளவு சீக்கிரம் முடியும் என்பதையே கண்ணாடிக்காரர் மறந்திருந்தார். அவருக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

மனைவி மத்தியானம் வந்தாள். வந்ததும் குளியலறைக்குத் தானே உருட்டிக்கொண்டு போனாள். மச்சான் புதிதாக மாட்டியிருந்த பலகைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே மச்சானும் கண்ணாடிக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மாதம் கழித்து அவள் தனியாக இருந்த முதல் இடம் அது.

கடப்பாரைச் சத்தம் குடியிருப்பு வாரியத்துக்கு எட்டாமல் இருக்குமா? திங்கட்கிழமை ஆய்வாளர் வந்தார். நாடாவை எடுத்துக் கதவை அளந்தார். "தொண்ணூறு சென்டிமீட்டர். அனுமதி இல்லை. முப்பது நாள்ல வீட்டைக் காலி பண்ணணும்," என்று சொல்லிக்கொண்டே விதிமீறல் படிவத்தை எடுத்தார். அகலம், மீட்டரில் என்ற இடம் வந்தது. பேனா நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் மனைவி. "சைபர் புள்ளி ஒன்பதுன்னு எழுதுங்க."

"அம்மா, என்னை மாட்டி விடாதீங்க. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

மனைவி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்த பார்வையில் அவளுக்குப் புரிந்துபோயிற்று. வாயை மூடிக்கொண்டாள். ஆய்வாளர் சென்டிமீட்டரில் குறித்துக்கொண்டு, மாற்றி வாங்கி வருவதற்காகக் கோப்பை நீள மாற்று அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். மூன்றாம் நாள் அந்தக் கோப்பு முதல் மாடியில் மூன்று முத்திரை வாங்கி, இரண்டாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்காலியில் ஆள் இல்லை. கோப்பு அங்கேயே படுத்துக்கொண்டது.

அவள் விழுந்த பிறகு முதல் தடவையாகப் புருஷனும் பெண்டாட்டியும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு மாதம் ஓடியது.

பிறகு ஒரு கடிதம் வந்தது. விசாரணை முடிந்ததாம். நானூற்றுப் பன்னிரண்டு மாற்றங்களும் சரியாக இருந்ததால் குற்றம் இலேசானது என்று முடிவாயிற்றாம். டெசிமீட்டர் பதவியை நிரந்தரமாக நிரப்பப் போகிறார்கள். புதிதாக ஒருவர் தேர்வில் தேறியிருக்கிறார். ஆனால் முன்பே தேறியவர் என்பதால் கண்ணாடிக்காரருக்கு முதல் உரிமை உண்டு. சனிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: மாதத்துக்கு ஒரு கோப்புதான் பார்க்க வேண்டும். மீறினால் அந்த நிமிடமே நீக்கம்.

"கிழிச்சுப் போடுங்க," என்றாள் மனைவி. "அந்தப் பாவம் நமக்கெதுக்கு? நீங்க கண்ணாடி வெட்டுங்க."

"கிழிச்சா புது ஆள் வருவான்."

"வரட்டுமே."

"வந்தா ஆய்வாளர் கொண்டுபோய் வச்ச நம்ம ஃபைலைப் பார்ப்பான். பழசையெல்லாம் நான்தான் அன்னைக்கே காலி பண்ணிட்டேனே, மாசம் ஒண்ணுன்னாலும் இப்ப அங்க கிடக்கிறது கொஞ்சம்தான். நம்ம ஃபைல் மீட்டராகி மேல போகும். முப்பது நாள்ல வீடு போகும். இந்தக் கதவும் போகும். உன்னை..." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். எதிர்க் கட்டில் அக்காவின் சீப்பு அந்த மேடையில் இருந்தது.

அவள் அந்தச் சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உங்க பேர்ல இருக்கிற ஃபைலை நீங்க தொடக் கூடாது," என்றாள் மெதுவாக.

"ஆமா."

"நீங்க அங்க உட்கார்ந்திருக்கிற வரைக்கும் வேற யாரும் அதைத் தொட முடியாது."

"ஆமா."

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. ஓய்வு வயது அறுபது. இரண்டு பேரும் கழித்துப் பார்த்தார்கள். சனிக்கிழமை காலையில் அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். அதற்கு முன் கண்ணாடி வெட்டும் பேனாவை வீட்டு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

ஏழு மாதம் ஆயிற்று. இயக்குநருக்கு அவர்மேல் பெரிய மரியாதை. மாதம் ஒரு கோப்பு, முதல் வாரத்திலேயே முடித்துவிடுவார். மீதி நாட்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புதுக் கோப்புகள் சுவரோரம் இடுப்பளவுக்கு ஏறிவிட்டன. நாற்காலியின் முதுகில் பழைய குடையோடு அவருடைய குடையும் தொங்குகிறது.

ஒருநாள் ஓர் ஆள் படியேறி வந்தார். மரவேலைக்காரர், சட்டையெல்லாம் மரத்தூள். தன் குழந்தைக்குத் தானே தொட்டில் செய்கிறாராம். குடியிருப்பு வாரியத்து வீட்டுக் கூரையில் கொக்கி போட அனுமதி வேண்டும், அதற்குத் தொட்டிலின் அகலம் மீட்டரில் வேண்டும். மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். படிவத்தை இரண்டு கையாலும் நீட்டினார். எழுபது சென்டிமீட்டர் என்று இருந்தது. பக்கத்தில் பென்சிலால், மிகச் சின்னதாக, 0.7.

அந்த மாதத்துக் கோப்பு முடிந்திருந்தது. அதற்கடுத்தது, அதற்கடுத்தது என்று எத்தனையோ கோப்புகளுக்குப் பிறகுதான் இது வரும். கண்ணாடிக்காரர் அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மரவேலைக்காரர் சரியாகத்தான் போட்டிருந்தார்.

"இது யாரு எழுதினது?" என்று கேட்டார்.

"நான்தான் சார். நூறு சென்டி ஒரு மீட்டர், அதனால நானே..."

கண்ணாடிக்காரர் இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்தார். தாள் கிழியாமல், புள்ளிகூடத் தெரியாமல் அழித்தார். படிவத்தைக் கோப்பில் வைத்தார்.

"ஃபைலை வச்சுட்டுப் போங்க," என்றார்.

மாலை வீட்டுக்குப் போனபோது மனைவி திரைச்சீலைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவள் ஒன்றும் கேட்பதில்லை. அன்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"தொட்டில்."

"எவ்வளவு?"

"எழுபது சென்டி."

அவள் உதடு அசைந்தது. சொல்லவில்லை. கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு குளியலறையை நோக்கிப் போனாள். இரண்டு பக்கமும் பன்னிரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டு, எங்கேயும் இடிக்காமல், நாற்காலி உள்ளே போயிற்று.